களரியும் கலரியும்

மட்டக்களப்பு நாட்டுக்கு வடக்கே வெருகலாறும் தெற்கே குமுக்கனாறும் எல்லை என்பது பழைய மரபு. அந்த வட எல்லையை அண்டி, ஒரு புறம் கடலும் மறு புறம் களப்பும் காடுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் வாகரை இருக்கின்றது. பனிச்சங்கேணியும் கதிரவெளியும் அதன் அயலூர்கள். மீன்பிடியும் வேளாண்மையும் சேனைப் பயிருமே தொழில். வேடர் குடிகளும் இக்கரையில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மட்டக்களப்பு நகரம் இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ நாற்பது மைல். வடக்கே திருகோணமலைக்குப் போவதானால் ஆறுகளைக் கடத்தி விடும் 'பாதை'களை நம்பியே முன்னாளில் போக வேண்டியிருந்தது. நகரத்து மண்டபம் ஒன்றில் நடைபெறும் இசை நிகழ்ச்சியோ நாடகமோ இவ்வூராருக்கு ஒரு நாட் பயணத்தின் பயன்.

இக்காலத்தில் அத்தகைய நிகழ்ச்சிக்குப் போக எண்ணுபவர் முதலில் எழுப்பும் வினா, 'நல்ல ஆசனம் கிடைக்குமா?' என்பதாகும். பாடுபவர் யார் என்பதுகூடப் பல வேளைகளில் இரண்டாவது வினாவே. மட்டக்களப்புக் கூத்துக் களரி ஒன்றின் ஓரத்தில் நின்று இதே வினாவை எழுப்பினால் விடை கூறுவது எளிதன்று. அங்கே ஆசனமும் இல்லை, சீட்டும் இல்லை, வாயிற் கதவும் இல்லை. எனினும் நல்ல இடம் என்ற ஒன்று இருந்தது. அதற்கு மக்கள் ஒரு விலையும் கொடுத்தனர். அந்த விலை யாது, அது எவ்வாறு காசாக மாறியது, மாறியபொழுது யார் எங்கே போய் அமர்ந்தனர் என்பவையே ஈண்டு நோக்கப்படுகின்றன.

முதலிற் களரியைக் காண்போம். வேளாண்மை வெட்டி முடிந்த வயல் வெளியிலோ கோயில் முன்றிலிலோ நிலத்தைச் சமப்படுத்தி, மண்ணிட்டு உயர்த்தி, வட்டமாக அதனை அமைப்பர். சுற்றிவரக் கம்பங்கள் நட்டு மேலே வெள்ளை கட்டுவர். வாழைக் குற்றிகளில் விளக்கேற்றிய காலம் ஒன்று. பின்னர் பெற்றோமாக்ஸ் வந்தது. அதன் பின் மின்விளக்கு வந்தது. மத்தளத்துடன் அண்ணாவியாரும், சல்லரி பிடிப்பவரும், பிற்பாட்டுக்காரரும் களரியில் நிற்பர். கூத்தர் அவர்களைச் சூழ ஆடுவர். நான்கு புறமும் மக்கள். இராச் சாப்பாட்டின் பின் தொடங்கினால் கோழி கூவிப் பொழுது விடியும்வரை ஆட்டம் நடக்கும்.

வட்டத்தில் ஆடுபவனுக்கு முன்புறம் என்று ஒன்று இல்லை. ஒரு பக்கத்தாருக்கு முகம் காட்டும்பொழுது மறுபக்கத்தார் அவன் முதுகைக் காண்பர். அடுத்த கணம் அவன் திரும்பியாக வேண்டும். வடமோடிக் கூத்தின் ஆட்டம் பெரும்பாலும் இத்தேவையிலிருந்தே உருவம் பெற்றது எனலாம். அரசன் வரவாகட்டும், போர்க்களமாகட்டும், ஆடுபவன் களரியை வலம் வருகின்றான். சுழன்று திரும்புகின்றான். ஒரு திசையிற் பாடியதை இன்னொரு திசையிலும் பாடுகின்றான். அவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீண்டும் எடுத்துப் பாடுவதால், முதல் முறை அவன் முதுகைக் கண்டவரும் சொல்லை இழப்பதில்லை. புதிதாகக் கூத்துப் பார்க்க வரும் நகரத்தவர், 'ஒரே பாட்டை எத்தனை முறைதான் பாடுவது?' என்று சலித்துக் கொள்வதுண்டு. அவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து பழகியவர்கள். அந்த மீள்பாடல் தமக்காக அன்று, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இன்னொருவருக்காக என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆயினும் வட்டத்திலும் முதல் வரிசை உண்டு, ஏழாம் வரிசை உண்டு. பொழுது சாயுமுன்னரே பாயைக் கொண்டுவந்து விரித்துச் சிறுவர் ஒருவரைக் காவல் வைத்துச் செல்வது ஊர்களில் நன்கு அறிந்த வழக்கம். முன்னதாக வந்தவர்க்கு முன்னிடம். ஆகவே களரியில் நல்ல இடத்தின் விலை பொழுதாக இருந்தது. வயலில் வேலை முடித்து இருட்டிய பின் வருபவன் பின்னாலே நின்றான். நள்ளிரவுக்குப் பின் குழந்தைகள் உறங்க, முதியோர் சிலர் எழுந்து வீடு செல்ல, அவனும் முன்னே வந்தான். பதினெட்டாம் போர் போன்ற நெடுங்கூத்தில் உச்சக் கட்டம் விடியற்காலையிலேயே வரும். ஆதலால் பொறுத்திருந்தவனுக்கும் அக்கட்டத்தை அருகிலிருந்து காணும் பேறு கிடைத்தது.

களரியைச் சமத்துவத்தின் கோயில் என்று புகழ்ந்துவிட முடியாது. கோயில் வண்ணக்கருக்கும் ஊர்ப் பெரியோருக்கும் முன்னிடம் கேளாமலே கிடைத்தது. பெண்கள் ஒரு புறமாக இருந்தனர். கூத்தில் வரும் திரௌபதியும் சுபத்திரையும் ஆடவரே. சாதி வேறுபாடு எந்தக் கூத்தை யார் ஆடலாம் என்பதிலும் இருந்தது, யார் எங்கே நிற்கலாம் என்பதிலும் இருந்தது. பறைமேளக் கூத்தும் வசந்தன் கூத்தும் மகிடிக் கூத்தும் தத்தமக்குரிய மக்களோடும் இடத்தோடும் வழங்கி வந்தமை இதனாலாகும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. கையிற் காசில்லாமையால் ஒருவன் பின்னுக்குத் தள்ளப்படவில்லை.

பிற நாடுகளிற் செய்தி வேறு. ஏதென்சு நகரத்துத் தியோனைசசு அரங்கின் முதல் வரிசையில் பளிங்காற் செய்த இருக்கைகள் இன்றும் உள்ளன. அவற்றின் நடுவே அத்தெய்வத்தின் பூசகருக்குரிய இருக்கை சிற்ப வேலைப்பாட்டுடன் விளங்குகின்றது. சிறப்பிடம் அங்கே கல்லில் வெட்டப்பட்டது. ஆயினும் அந்நகர அரசு ஏழைக் குடிகள் நாடகம் காண்பதற்கென்று பொதுப் பணத்திலிருந்து இருக்கைக் கூலி கொடுத்ததும் உண்மை. உரோமர் அதுவும் செய்திலர். கி.மு. 67இல் இயற்றப்பட்ட உரோசியச் சட்டம், செனற்றர்களுக்குப் பின்னாலுள்ள முதற் பதினான்கு வரிசைகளைக் குதிரை வீரர் எனப்பட்ட செல்வ வகுப்பினருக்கு ஒதுக்கியது. ஆசனத்துக்காகவே ஒரு சட்டம் செய்தவர் அவர்.

தமிழகத்தில் சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் அளவைத் திட்டமாகக் கூறுகின்றது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், இரண்டு வாயில்கள், மூவகை எழினி. தூணின் நிழல் இடையூறாக வீழாது புறத்தே போகும்படி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்படுகின்றது. காண்பவன் கண்ணை மறைக்கும் ஒரு நிழலைப் பற்றி இத்துணைக் கவலை கொண்ட நூல் உலகிலே பல இல்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் தம் நாடக நூலில் இக்காதையை எடுத்து ஆராய்ந்திருப்பதை மட்டக்களப்பார் மறந்திருக்கமாட்டார்கள். அந்த அரங்கு அரசவைக்குரியது. அங்கே யார் எங்கே அமர்ந்தனர் என்பதை அரசனின் தகுதிப் பட்டியலே முடிவு செய்திருக்கும்.

இடத்தைக் காசுக்கு விற்கும் முறை முற்றி வளர்ந்தது ஐரோப்பிய நகரங்களிலாகும். அங்கே அரங்கின் நிலப்பகுதி ஒரு விலை, சுற்றிவரும் அறைகள் மற்றொரு விலை, கூரையை ஒட்டிய மேற்றட்டு மிகக் குறைந்த விலை. அம்மேற்றட்டுக்கே ஆங்கிலத்தில் கலரி என்று பெயர். இலண்டன் கொவன்ற் கார்டன் அரங்கு 1808இல் எரிந்துபோயிற்று. மறு ஆண்டு அதனைப் புதிதாகக் கட்டித் திறந்தவர்கள் செலவை ஈடு செய்ய விலையை உயர்த்தினர். அறைகளுக்கு ஆறு சிலிங் ஏழாயிற்று. நிலப்பகுதிக்கு மூன்றரைச் சிலிங் நான்காயிற்று. அத்துடன் செல்வர்க்கென்று தனியறைகளும் பெருகின. மேற்றட்டிலிருந்தவர்களோ நடிகரின் கால்களை மட்டுமே காணக் கூடியதாயிற்று. சனங்கள் பொங்கினர். அரங்குக்குள்ளேயே இருந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, மணியடித்தும் கூச்சலிட்டும் அறுபத்தேழு இரவுகள் கலகம் செய்தனர். நடத்துநரான கெம்பிள் என்னும் பெருநடிகர் இறுதியில் மன்னிப்புக் கேட்டார். நிலப்பகுதியின் பழைய விலை திரும்பியது. தனியறைகள் குறைந்தன. காசு கொடுத்தும் கால் மட்டுமே தெரிந்தால் மனிதனுக்குக் கோபம் வருவது இயல்பே.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று 1850இல் நியூயோர்க்கில் நிகழ்ந்தது. சுவீடன் நாட்டுப் பாடகி செனி இலின்ட் அங்கே முதன்முதலாகப் பாட வந்தார். அவரை அழைத்து வந்த பார்ணம் என்பவர் விளம்பரக் கலையில் வல்லவர். நுழைவுச் சீட்டுகளை அவர் ஏலத்தில் விட்டார். முதற் சீட்டைத் தொப்பி வியாபாரி ஒருவர் இருநூற்றிருபத்தைந்து தொலருக்கு வாங்கினார். அவருக்குச் சங்கீதத்தில் எத்துணை ஈடுபாடு இருந்ததோ, அவருடைய தொப்பிக் கடையின் பெயர் அன்றே நாடெங்கும் பரவியது. பின்னர் பொசுற்றன் நகர ஏலத்தில் அறுநூற்றிருபத்தைந்து தொலர் கொடுத்து அவரையும் ஒருவர் விஞ்சினார். நல்ல ஆசனம் என்பது நன்றாகக் கேட்கும் இடம் என்ற பொருளிலிருந்து, மற்றவர் நம்மை நன்றாகக் காணும் இடம் என்ற பொருளுக்கு மாறிய கதை இது. முதல் வரிசையில் இருந்து கொண்டு பின் வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்போர் நம் நாட்டு விழாக்களிலும் இல்லாமற் போகவில்லை.

ஈழத்துக்குச் சீட்டும் ஆசனமும் வந்த வழி நாடகக் கொட்டகை வழியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் சட்டமிட்ட மேடை, வரைந்த திரைகள், படிமுறையான விலை ஆகியவற்றை இந்தியாவெங்கும் பரப்பினர். அவர்களைப் பின்பற்றித் தமிழ் நாடகக் கம்பனிகள் எழுந்தன. தமிழகத்திலிருந்து இங்கும் வந்து கொட்டகையிட்டு ஆடின. 1891இல் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் 1911இல் அச்சபையோடு இலங்கைக்கு வந்து நடித்தார். அதனாற் கிளர்ச்சி பெற்ற படித்தவர்கள் கொழும்பில் இலங்கா சுபோத விலாச சபையை 1913இல் தொடங்கினர். கலையரசு சொர்ணலிங்கம் அச்சபையின் தூணாக விளங்கினார். கொட்டகையில் மேடை ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். முன்னே நாற்காலி, அடுத்து வாங்கு, கடைசியில் தரை. விலையும் அந்த வரிசையிலேயே இறங்கியது.

திரைப்படம் வந்தது. வரிசை தலைகீழாயிற்று. திரைக்கு மிக அருகில் இருப்பவன் கழுத்தை நிமிர்த்தி உருவம் சிதையக் காண வேண்டியிருந்தபடியால் முன்னிடம் மலிந்தது. பின்னிடமும் மாடியும் விலை உயர்ந்தன. இலங்கைப் படமாளிகைகளில் முன்னால் இருக்கும் மலிவான பகுதிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றாற் கலரி என்றே வைத்தார்கள். இலண்டனில் கூரையோடு ஒட்டியிருந்த கலரி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தரைக்கு இறங்கிவிட்டது. இடம் மாறினாலும் விலை மாறவில்லை. அச்சொல் உயரத்தைக் கைவிட்டு ஏழ்மையைப் பற்றிக்கொண்டது. களரி என்னும் நம் பழஞ்சொல்லுக்கு அவையென்றும் போர்க்களமென்றும் ஆடுமிடமென்றும் பொருள் உண்டு. ஊரார் அனைவரும் நோக்கும் நடு இடம் அது. ஒலியால் அதனோடு ஒட்டி நிற்கும் கலரியோ எவரும் நோக்க விரும்பாத ஓர் ஓரம். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆயினும் ஒரே வாழ்நாளில் ஒருவன் களரியிலிருந்து கலரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஆசனம் என்பது இந்நாட்டிற் சிறு விடயம் அன்று. வட இலங்கைப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ தாழ்ந்த வாங்கிலோ இருத்தப்பட்ட காலம் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று அரசாங்கம் 1930ஆம் ஆண்டை ஒட்டிப் பணித்தபொழுது, அதனைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்குத் தீயிடவும் துணிந்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. இவ்வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்பொழுது சீட்டு முறைக்குச் சார்பாகவும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கின்றது. எண்ணிட்ட சீட்டு சாதி கேட்பதில்லை. ஐந்து ரூபாய்ச் சீட்டு வைத்திருப்பவன் ஐந்து ரூபாய் ஆசனத்தில் அமரலாம் என்பது ஒரு விடுதலையே. அந்த ஐந்து ரூபாய் அவனிடம் இருக்க வேண்டும் என்பது அடுத்த சங்கடம்.

இனிக் களரிக்கே கொட்டகையின் சட்டம் வந்த வரலாற்றுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' மேடையேறியது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் சிங்கள மரபை எடுத்து அவர் புதுமை செய்தார். படித்த சிங்களவர் தம் நாட்டார் அரங்கை மதிக்கத் தொடங்கினர். தமிழிலும் அவ்வாறு செய்ய வேண்டும் என்ற வேட்கை பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு எழுந்தது. கலைக் கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்த அவர் ஊர் ஊராகச் சென்று கூத்துகளைக் கண்டார். அண்ணாவிமாரைச் சந்தித்தார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', அதன்பின் 'இராவணேசன்', பின்னர் 'வாலிவதை' என்று அது தொடர்ந்தது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டமும் பாட்டும் பழக்கினார். இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. பிற்காலத்திற் பேராசிரியரான அவர் அந்நாடகத்தைத் தாமே பலமுறை மீள மேடையேற்றினார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிப் பெருநூலும் எழுதினார்.

செய்த மாற்றங்கள் பெரியன. விடிய விடிய ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. மீள்பாடல்கள் குறைந்தன. மெய்ப்பாட்டு நடிப்புச் சேர்ந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது, நான்கு புறமும் திறந்திருந்த களரி மூன்று புறம் மூடிய மேடையாயிற்று. ஆடுபவனுக்கு இப்பொழுது முன்புறம் உண்டு. சுழற்சி அழகுக்காக எஞ்சியது. தேவைக்காக அன்று. எதிர்ப்பக்கத்தில் இருந்தவனுக்காக இருமுறை பாடும் அவசியம் இல்லை, ஏனெனில் எதிர்ப்பக்கம் என்பதே இல்லை. அன்று தொடக்கம் கூத்துக்கும் நடு ஆசனம், ஓர ஆசனம், முன் ஆசனம், பின் ஆசனம் என்ற ஏற்றத்தாழ்வு பிறந்தது.

இதனைக் குற்றமாகக் கூறுவார் உளர். அது முழு உண்மையன்று. படித்த தமிழர் கூத்தை ஏளனம் செய்த காலம் அது. கூத்தாடி என்பது வசைச்சொல்லாக வழங்கியது. அம்மனநிலையை மாற்ற, அவர்கள் அமர்ந்து பழகிய மண்டபத்துக்குக் கூத்தைக் கொண்டு செல்வதைவிட வேறு வழி இருந்ததா? வித்தியானந்தன் அதனைச் செய்திராவிடின் பல்கலைக்கழகங்களிற் கூத்து இன்று பாடமாகியிருப்பது ஐயமே. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. களப்புக்கரை உழவனும் மீனவனும் தலைமுறை தலைமுறையாகத் தம் செலவில் ஆடிக் காத்த கலை, பேராதனையிலும் கொழும்பிலும் புதுப்பொலிவு பெற்றது. அப்புதுப்பொலிவை வாகரையார் காண வேண்டுமானால் நாற்பது மைல் போய் மண்டபத்தில் இடம் தேட வேண்டும். தம் வீட்டு முற்றத்தில் வளர்ந்த மரத்தின் பழத்தைச் சந்தையில் விலை கேட்பது போன்றது அது.

இதே ஆண்டுகளில் உலகின் பிற பகுதிகளில் நடந்தவற்றையும் நேயர்கள் நோக்க வேண்டும். சென்னை மியூசிக் அக்கடெமி 1927ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டையொட்டிய இசை மகாநாட்டின் விளைவாகத் தோன்றி, பந்தல்களிலும் பிற மண்டபங்களிலும் விழா நடத்தி வந்தது. 1955இல் நேரு அடிக்கல் நாட்டிய அதன் சொந்த மண்டபம் 1962இல் திறக்கப்பட்டது. கர்ணன் போர் மேடையேறிய ஆண்டும் அதுவே. மார்கழி விழாவில் அங்கே இடம் பெறுவதற்கு நன்கொடையாளர், பருவச் சீட்டினர், அன்றாடச் சீட்டினர் என்ற படிகள் உண்டு. நாட்சீட்டுக்காகக் காலையிலேயே வரிசையில் நிற்கும் முதியவர்களைக் கண்டால் களரியிற் பாய் விரித்த சிறுவர்களின் நினைவே வரும். சங்கீதம் தெரிந்தவர்கள் முதல் வரிசையை எப்பொழுதும் விரும்புவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. மேடைக்கு மிக அண்மையில் ஒரு பக்கமாக இருப்பவருக்கு மிருதங்கமோ வயலினோ ஒன்று மற்றதை மேவிவிடும். குரலும் பக்கவாத்தியங்களும் ஒன்றிக் கலந்து வரும் இடம் சற்றுப் பின்னே, நடுவிலே அமையும். விலைப்பட்டியலுக்கு இது தெரியாது.

செருமனியிலோ எதிர்த்திசையில் ஒரு புரட்சி நடந்தது. அங்கே 1876இலேயே வாக்னர் பைரோயித்தில் தம் இசை நாடகங்களுக்கென ஓர் அரங்கு கட்டினார். பக்க அறைகளை நீக்கி, விசிறி விரித்தாற்போல ஆசனங்களைச் சரிவாக அமைத்து, எல்லோருக்கும் மேடை நேரே தெரியச் செய்தார். எனினும் அதுவும் ஒரு பக்க அரங்கே. 1963ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் பெர்லினில் பில்கார்மொனி மண்டபம் திறக்கப்பட்டது. அதனை வகுத்த சரூன் என்னும் கட்டடக் கலைஞர், எங்கேனும் ஒருவர் இசைக்கத் தொடங்கினால் மக்கள் அவரைச் சுற்றி வட்டமாகக் கூடுகின்றனர், மண்டபத்தில் மட்டும் ஏன் அவ்வாறு இருத்தலாகாது என்று சிந்தித்தவர். வாத்தியக் குழுவை நடுவே வைத்து, திராட்சைத் தோட்டத்துப் படிகள் போலச் சூழவும் ஆசனங்களை ஏற்றினார். உலகின் பல நகரங்கள் பின்னர் அதனைப் பின்பற்றின.

மட்டக்களப்பின் வட்டம் சட்டத்துக்குள் புகுந்த அதே இரண்டு மூன்று ஆண்டுகளில், ஐரோப்பாவின் சட்டம் உடைந்து வட்டமாயிற்று. ஒருவர் விட்டதை மற்றவர் கண்டெடுத்தார். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரியாது. பெர்லின் மண்டபத்தில் ஒரு குறை மட்டும் தீரவில்லை. பாடகர் ஒருவர் முன்னே நின்று பாடும்பொழுது அவருக்குப் பின்னால் அமர்ந்தவர்களுக்குக் குரல் மெலிந்தே செல்கின்றது. அவர் திரும்புவதில்லை. கட்டடம் வட்டமாயிற்றே தவிர ஆட்டம் வட்டமாகவில்லை. வடமோடிக் கூத்தன் அதற்கு விடை அறிந்திருந்தான்.

அறிந்திருந்தான் என்று இறந்தகாலத்திற் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. கூத்துக்கு இரவு வேண்டும். உள்நாட்டுப் போர் நடந்த பல்லாண்டுகளில் ஊரடங்கும் அச்சமுமாக இரவே மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. வாகரைக் கரையை 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் வாரிச் சென்றது. இரண்டாண்டு கழித்து, 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் போர் அப்பகுதி மக்களை முழுமையாகப் பெயர்த்துத் தெற்கே முகாம்களுக்கு அனுப்பியது. மீண்டவர்கள் மீண்ட பின்னர் முதலில் தேடியது கூரையும் வள்ளமுமேயாகும். விடிய விடிய ஆடுவதற்கு வேண்டிய ஓய்வும் அச்சமின்மையும் அதன் பின்னர் மெல்ல மெல்லவே திரும்பக் கூடியவை.

எனினும் களரி அற்றுப்போய்விடவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியை மேற்கொண்டனர். கூத்தை மண்டபத்துக்குக் கொண்டு செல்லாது ஊரின் களரியிலேயே வைத்து, கதையில் மாற வேண்டியதை ஊராரே பேசி மாற்றிக் கொள்ளும் வழி அது. பெண் பாத்திரங்கள் பற்றியும் சாதிச் சொற்கள் பற்றியும் அங்கே விவாதம் எழுந்தது. வட்டத்தை வைத்துக்கொண்டே அதன் பழைய குறைகளைத் திருத்தலாம் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

களப்புக்கரை ஊர்களில் இன்றும் கூத்து அரங்கேறும் நாட்களில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் பாய்கள் வரத் தொடங்குகின்றன. பன்பாய்க்குப் பதிலாக இப்பொழுது பிளாத்திக்குப் பாய் வருகின்றது. பிளாத்திக்கு நாற்காலிகளும் வந்துவிட்டன. அவற்றை முன்னே போட்டால் பின்னிருப்போருக்கு மறைக்கும் என்று முதியவர் ஒருவர் அதட்டிப் பின்னுக்குத் தள்ளுவிக்கின்றார். மத்தளத்தில் முதல் அடி விழுந்ததும் வெள்ளைத் திரை பிடித்து வரவு தொடங்குகின்றது. அரச வேடக்காரன் திரைக்கு வெளியே வந்து, கிழக்கே ஒரு முறை பாடி, தெற்கே திரும்புகின்றான்.